சிவந்து வெளிறிய பழைய கலர் போட்டோ: ஸ்கேன் செய்து நிறம் மீட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970, 80-களில் பிரிண்ட் போட்ட கலர் போட்டோக்களை மனதில் வைத்து எழுதியது. கல்யாண ஆல்பம், ஸ்டுடியோ படம், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் இதில் அடக்கம். படம் திருத்தும் மென்பொருள் ஜிம்ப், இலவசம், 2.10 அல்லது 3.0 எதுவானாலும் சரி. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் வேலை அதேதான்: கீழே வரும் லெவல்ஸ் கருவிக்கு கன்ட்ரோல்+எல்.

ஆல்பத்துக்குள்ளேயே பத்திரமாக இருந்த போட்டோ ஏன் சிவந்துபோனது?

கலர் பிரிண்ட்டில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: சயான், மெஜந்தா, மஞ்சள். மூன்றும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. அந்தக் காலத் தாள்களில் இருட்டில் வைத்தாலும் முதலில் போவது பெரும்பாலும் சயான். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சயான் போனபின் மிஞ்சுவது மெஜந்தாவும் மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. 1980-களின் நடுவில் வந்த தாள்களிலிருந்து சயான் நன்றாகவே மேம்பட்டது. அதனால்தான் ஒரே வீட்டில் 1978 கல்யாணப் படம் சிவந்தும், 1990 காதுகுத்துப் படம் ஓரளவு நன்றாகவும் இருக்கும்.

சுவரில் மாட்டிய படத்தின் கதை வேறு. வெளிச்சம் பட்டு மங்கும்போது பல தாள்களில் மெஜந்தாதான் முதலில் போகும். படம் பச்சையோ நீலமோ கலந்து வெளிறும். ஒரே நெகட்டிவிலிருந்து போட்ட இரண்டு பிரிண்ட்டுகள், ஒன்று பீரோவிலும் ஒன்று ஹாலிலும் இருந்தால், எதிரெதிர் திசையில் கெட்டிருக்கும். இதோடு தாளே மஞ்சளாவதும் உண்டு. அது தனி நோய். வெள்ளை ஓரத்தைப் பார்த்தால் தெரியும்.

ஸ்கேன் செய்யும்போது என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), 48 பிட் கலர், விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சலாக வரும், கோப்பு 52 எம்பி அளவில் இருக்கும். பெரிதாக்கிப் பிரிண்ட் போட 1200 வைக்கலாமா என்றால், சாதாரண பிரிண்ட்டில் அவ்வளவு நுணுக்கம் இருப்பதில்லை; தூசியும் தாளின் நாரும்தான் கூடுதலாக வரும். பாஸ்போர்ட் அளவுக்கு மட்டும் 1200 வையுங்கள்.

பிட் எண்ணிக்கைதான் இங்கே உயிர்நாடி. 24 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 48 பிட்டில் 65,536. வெளிறிய படத்தை நாம் பின்னால் இழுத்து நீட்டப்போகிறோம். படிகள் குறைவாக இருந்தால் ஸ்டுடியோ திரையிலும் வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட்டுக்கு மேல் (மொத்தம் 24) இடமே இல்லை. போதாததற்கு, நீட்டும்போது 8×8 பிக்சல் கட்டங்களும் எழுந்து நிற்கும்.

ஸ்கேனர் மென்பொருளில் உள்ள ஆட்டோ எக்ஸ்போஷர், ஷார்ப்பனிங், கலர் ரெஸ்டொரேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்கேன் மங்கலாக, அழகில்லாமல் வந்தால் அது நல்ல ஸ்கேன். ஸ்கேனரே திருத்திக் கொடுத்தால், அது வெட்டி எறிந்த விவரத்தை ஜிம்ப்பால் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று. மெல்லிய, யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியில் ஒட்டிக் கிடப்பது மட்டும்தான் அவற்றில் கூர்மையாக விழும். சுருண்ட போட்டோவின் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே மங்கிவிடும். மேலே கனமான புத்தகம் வைத்து அழுத்துங்கள், அல்லது சற்றுத் தூக்கியிருப்பதையும் கூர்மையாக எடுக்கும் சிசிடி வகை ஸ்கேனரைத் தேடுங்கள்.

பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பத்திலிருந்து போட்டோ வரவில்லை. பிய்க்கலாமா?

வேண்டாம். மேல் தாளை மட்டும் மெதுவாகத் தூக்கிவிட்டு, ஆல்பத்தின் பக்கத்தோடு ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் கண்ணாடியோடுதான் ஸ்கேன் செய்ய வேண்டும். பிரிக்கப் போனால் முகம் இருக்கும் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு வந்துவிடும்.

சிவப்பு அதிகமாக இருக்கிறது. 'கலர் பேலன்ஸ்' போய் சிவப்பைக் குறைத்தால் போதுமே?

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். சரியாக வராமல் போவதும் இதனால்தான். சிவப்பு கூடிவிடவில்லை, சயான் குறைந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் விளைவு வேறு.

சயான் சாயத்தின் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. கருப்பான இடத்தில் சயான் மிக அதிகம். வெள்ளையான இடத்தில் அநேகமாக இல்லை. ஆகவே சயான் அழியும்போது அதிகம் அடிபடுவது நிழல்தான்: தலைமுடி, கருப்பு பேன்ட், புருவம். வெள்ளைச் சட்டைக்குப் பெரிய மாற்றமில்லை. படம் முழுக்க ஒரே அளவாகச் சிவப்பைக் குறைத்தால் தலைமுடி இன்னும் செம்பட்டையாகவே நிற்கும், சட்டையோ பச்சை நீலமாகிவிடும். ஒரு முனையைச் சரிசெய்ய மறுமுனை கெடும்.

மருந்து: படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களையும் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழ்முனை (மிகக் கருத்த இடம்), மேல்முனை (மிக வெளுத்த இடம்), நடு மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்வது. அதற்கான கருவி லெவல்ஸ்.

லெவல்ஸை எப்படிப் பயன்படுத்துவது? எண்களோடு சொல்ல முடியுமா?

முதலில் வெள்ளை ஓரத்தையும் ஸ்கேனர் மூடி தெரியும் பகுதியையும் வெட்டிவிடுங்கள். அவை இருந்தால் ஹிஸ்டோகிராம் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும், மலைபோன்ற வரைபடம்) பொய் சொல்லும். லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்துக்கொண்டு நகலில் வேலை செய்யுங்கள்.

'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, மேலே உள்ள 'சேனல்' பட்டியலில் 'ரெட்' தேர்ந்தெடுங்கள். சிவந்த படமென்றால் மலை முழுவதும் வலப்பக்கம் ஒதுங்கி, இடப்பக்கம் காலியாகக் கிடக்கும். மலை தொடங்கும் இடத்துக்கு இடது முக்கோணத்தையும், முடியும் இடத்துக்கு வலது முக்கோணத்தையும் நகர்த்துங்கள். பிறகு 'கிரீன்', 'புளூ' இரண்டுக்கும் அதே வேலை. ஒரு நிறத்துக்கு 16 பிட் உள்ள படத்தில் (நம் 48 பிட் ஸ்கேன் இதுதான்) ஜிம்ப் 0–255 என்று காட்டாமல் சதவீதமாகக் காட்டினால் குழம்ப வேண்டாம். 85 என்பது 33 சதவீதம்.

ஒரு படத்தில் சிவப்பு 85 முதல் 235 வரையும், பச்சை 40 முதல் 220 வரையும், நீலம் 50 முதல் 195 வரையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணமகனின் தலைமுடி ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில் 95, 45, 55. அதாவது செம்பழுப்பு. லெவல்ஸ் செய்யும் கணக்கு எளிது: கீழ்முனையைக் கழி, வீச்சால் வகு, 255-ஆல் பெருக்கு. சிவப்பு 10÷150×255 = 17. பச்சை 5÷180×255 = 7. நீலம் 5÷145×255 = 9. செம்பழுப்பு முடி 17, 7, 9 ஆகி, கண்ணுக்குக் கருப்பாகிவிட்டது.

அதே படத்தில் ஒருவர் சாம்பல் நிற கோட்டு போட்டிருக்கிறார். ஸ்கேனில் 170, 135, 130. திருத்தியபின் 145, 135, 141. கிட்டத்தட்ட சாம்பல்தான், ஆனால் பச்சை மற்ற இரண்டையும்விட ஆறு முதல் பத்து வரை குறைவு. அதனால் லேசாக மெஜந்தா அடிக்கும். இங்கேதான் நடு முக்கோணத்துக்கு வேலை. பச்சையில் அதன் எண்ணை 1.00-இலிருந்து 1.07-க்கும், சிவப்பில் 0.96-க்கும் மாற்றினால் மூன்றும் 141-ஐ ஒட்டி வந்து நிற்கும். முனைகள் அசையாது. இந்த நடு எண்ணை 0.85-க்குக் கீழேயோ 1.20-க்கு மேலேயோ தள்ள வேண்டி வந்தால், முனைகளைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போங்கள்.

முக்கோணத்தை மலையின் அடிவாரத்தில் வையுங்கள். மலைக்கு முன்னால் மெல்லிய கோடாகத் தெரியும் முதல் பிக்சலில் அல்ல. அந்தக் கோடு பெரும்பாலும் தூசி, கீறல், பூச்சி அரித்த ஓட்டை. அதேபோல மலைக்குள்ளும் போகாதீர்கள். பட்டுப்புடவையின் மடிப்புகள் ஒரே கட்டியாகிவிடும். 'வியூ' மெனுவின் 'டிஸ்ப்ளே ஃபில்டர்ஸ்' பகுதியில் உள்ள 'கிளிப் வார்னிங்' இதைக் காட்டிக்கொடுக்கும். போட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு முக்கோணத்தை நகர்த்தினாலே தெரியும்.

இதையெல்லாம் 'ஆட்டோ' பொத்தான் செய்யாதா?

செய்யும். ஜிம்ப்பின் ஆட்டோ 'ஒயிட் பேலன்ஸ்' மூன்று சேனல்களிலும் இரு முனைகளிலும் 0.05 சதவீத பிக்சல்களைத் தள்ளிவிட்டு மீதியை நீட்டுகிறது. மேலே சொன்ன அதே வேலை. படத்தில் உண்மையான கருப்பும் உண்மையான வெள்ளையும் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இல்லாத படத்தில்தான் வம்பு. மஞ்சள் புடவை, சிவப்புத் திரை, தவில் நாதஸ்வரம் என்று எல்லாமே வெதுவெதுப்பான நிறமாக இருக்கும் படத்தில் நீலம் இயல்பாகவே குறைவு. ஆட்டோ அதைக் குறை என்று நினைத்து நீட்டும். மஞ்சள் புடவை வெளுத்து, நிழல்கள் நீலமாகும். முதலில் ஆட்டோ அழுத்திப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் கன்ட்ரோல்+இசட். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

லெவல்ஸில் உள்ள வெள்ளை டிராப்பரை ('இதுதான் வெள்ளை' என்று தொட்டுக் காட்டும் கருவி) வெள்ளை வேட்டியில் வைத்துச் சொடுக்கினேன். படம் நீலமாகிவிட்டதே?

பட்டு வேட்டியாக இருந்திருக்கும். அது வெள்ளை அல்ல, சந்தனமும் கிரீமும் கலந்த நிறம். அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால், அதிலுள்ள மஞ்சளைக் கழிக்க எல்லாவற்றிலும் நீலத்தை ஏற்றும். பருத்தி வேட்டியிலும் ஆபத்து உண்டு: சொட்டுநீலம் போட்டு அலசியது என்றால் நீலச் சாயல், அதை வெள்ளையாக எடுத்தால் படம் மஞ்சள்.

நம் ஊர்ப் படங்களில் நம்பக்கூடியவை சில. மல்லிகைச்சரம், ஃப்ளாஷ் நேராகப் பட்ட இடத்தில். விபூதிப் பட்டை. எண்ணெய் பளபளப்பு இல்லாத முடி, கருப்பு முனைக்கு. சிமென்ட் தரை, நடுச் சாம்பலுக்கு. எவர்சில்வர் தட்டும் சொம்பும் சாம்பல்தானே என்று தோன்றும். அவை பக்கத்திலிருக்கும் புடவையின் நிறத்தைத்தான் திருப்பிக் காட்டும், நம்பாதீர்கள். பற்களும் கண்ணின் வெள்ளையும் வெள்ளையே இல்லை.

டிராப்பர் ஒரே ஒரு பிக்சலை எடுத்தால் அது தூசியாகவும் இருக்கலாம். 'சாம்பிள் ஆவரேஜ்' போட்டு ஐந்து பிக்சல் ஆரமாவது வையுங்கள். ரூலரிலிருந்து கன்ட்ரோல் அழுத்தி இழுத்தால் 'சாம்பிள் பாயின்ட்' நடலாம். முடியில் ஒன்று, பூவில் ஒன்று, முகத்தில் ஒன்று நட்டுவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண் என்னவாகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

தோல் நிறம் சரியா என்று எப்படித் தெரியும்?

கண் ஏமாறும், எண்ணைப் பாருங்கள். மாநிறமோ கருப்போ சிவப்போ, எந்தத் தோலிலும் சிவப்பு முதலில், பச்சை அடுத்து, நீலம் கடைசி. மாநிற முகத்தின் கன்னம் 165, 115, 88 என்ற அளவில் இருக்கும். கருத்த முகம் 110, 74, 58 போல. பச்சைக்கும் நீலத்துக்கும் உள்ள இடைவெளி, சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறையப் பாதி என்று கொள்ளலாம். பச்சையும் நீலமும் சமமாகிவிட்டால் முகம் ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஆகும். பச்சை மிகவும் மேலே போனால் மஞ்சள்காமாலை. எண்ணெடுக்கும்போது நெற்றியின் பளபளப்பையும், மஞ்சள் பூசிக் குளித்த முகத்தையும் விட்டுவிட்டு, கழுத்திலோ முழங்கையிலோ எடுங்கள்.

எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: திருத்துகிறேன் என்று யாரையும் வெள்ளையாக்காதீர்கள். வெளிறிய பிரிண்ட்டில் எல்லோருமே உண்மையைவிட வெளுத்துத்தான் இருப்பார்கள். கருப்பு முனையைச் சரியாக வைத்தவுடன் முகம் கருக்கும். அதைப் பார்த்துப் பதறி, நடு முக்கோணத்தை இழுத்து வெளுக்க வைப்பதுதான் வழக்கம். பாட்டி கருப்பு என்றால் படத்திலும் கருப்பாக இருக்கட்டும். லேபுகள் நிறம் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடக் 'ஷர்லி' அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. ஆகவே பழைய பிரிண்ட்டே முதல் நாளில் முகத்தைச் சரியாகக் காட்டியிருக்கும் என்றும் இல்லை. இன்று இருக்கும் உறவினர் ஒருவரின் தோலை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல அளவுகோல்.

முகம் சரியாகிவிட்டது, பின்னால் மண்டபம் மட்டும் பச்சையாக இருக்கிறது.

டியூப் லைட். பகல் வெளிச்சத்துக்கான ஃபிலிம் டியூப் லைட்டைப் பச்சையாகத்தான் பதியும். முன்னால் இருப்பவர்கள் மீது ஃப்ளாஷ் விழுந்ததால் தப்பித்தார்கள். ஒருபக்கக் கன்னம் மட்டும் ஆரஞ்சாக இருந்தால் அது வீடியோக்காரர் பிடித்த ஹாலோஜன் விளக்கு. இவை சாயம் அழிந்த குறை அல்ல, எடுத்தபோதே இருந்தவை. எனவே லெவல்ஸ் வேலை முடிந்தபின் தனியாகக் கவனியுங்கள். லேயரை நகலெடுத்து, 'கலர் பேலன்ஸ்' மிட்டோன்ஸில் (நடு வெளிச்சப் பகுதி) மெஜந்தா பக்கம் 15, 20 தள்ளி, கருப்பு லேயர் மாஸ்க் (லேயரில் எது தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் திரை; கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்) போட்டு, பின்னணியில் மட்டும் மிருதுவான வெள்ளை பிரஷ்ஷால் தீட்டுங்கள். முழுக்கப் போக்க வேண்டாம். கொஞ்சம் பச்சை இருந்தால்தான் மண்டபம் மண்டபமாக இருக்கும்.

ஃபிரேமுக்குள் மறைந்திருந்த ஓரம் ஒரு நிறம், நடு வேறு நிறம்?

இரண்டு லேயர். ஒன்றில் நடுவுக்கு ஏற்ற லெவல்ஸ், மற்றதில் ஓரத்துக்கு ஏற்றது. மாஸ்க்கால் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லை கத்தி வெட்டுப்போல இருந்தால் மாஸ்க்குக்கு இரண்டு மூன்று பிக்சல் மங்கல் போதும். படிப்படியாக மாறினால் கிரேடியன்ட்.

நிறம் வந்துவிட்டது, ஆனால் நிழலெல்லாம் வண்ணப் புள்ளிகள்.

மேலே சொன்ன உதாரணத்தில் நீலம் 255÷145, அதாவது 1.76 மடங்கு நீண்டது. படத்தோடு சேர்ந்து ஸ்கேனரின் இரைச்சலும் அதே மடங்கு நீளும். நிறத்தின் இரைச்சலை மட்டும் குறைப்பதுதான் வழி: நகல் லேயரில் 3 முதல் 6 பிக்சல் காஸியன் பிளர் (மங்கலாக்கும் வடிப்பான்) கொடுத்து, லேயர் மோடை 'எல்சிஎச் கலர்' ஆக்குங்கள். கூர்மை கீழ் லேயரிலிருந்து வரும், நிறம் மட்டும் மிருதுவாகும். உதட்டோரத்திலும் புடவைக் கரையிலும் நிறம் வழிந்தால் பிளரைக் குறையுங்கள்.

படம் முழுக்கத் தேன்கூடுபோலப் புடைப்புகள் தெரிகின்றன.

சில்க் ஃபினிஷ் தாள். ஸ்டுடியோக்காரர்கள் விரும்பிப் பயன்படுத்தியது. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதால் ஒவ்வொரு புடைப்புக்கும் நிழல் விழுகிறது. ஒருமுறை நேராகவும், ஒருமுறை 180 டிகிரி திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டாவதை நிமிர்த்தி மேலே வைத்து, ஒப்பாசிட்டி (ஒளிபுகாத்தன்மை) 50 சதவீதம் கொடுங்கள். நிழல்கள் ஒன்றையொன்று பெருமளவு கழித்துக்கொள்ளும். பிக்சல் பிசகாமல் பொருத்துவதுதான் பாடு. முதலில் கண்களைப் பொருத்துங்கள்.

கருப்பு வெள்ளைப் படம் மஞ்சளாகிவிட்டது. அதற்கும் இதேதானா?

இல்லை, அது இன்னும் எளிது. ஆனால் ஸ்கேன் மட்டும் கலரில்தான் செய்ய வேண்டும். 'கலர்ஸ்', 'காம்பொனன்ட்ஸ்', 'டீகம்போஸ்' வழியாக மூன்று சேனல்களையும் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் கறையும் டீ கறையும் நீலச் சேனலில் கருப்பாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே கறைதான் பிரச்சினை என்றால் சிவப்புச் சேனலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடலாம். மாறாக, உருவமே மங்கிப் பழுப்பாகிவிட்டது என்றால் நீலச் சேனலில்தான் அதிகம் மிஞ்சியிருக்கும். இரண்டும் இருந்தால் பச்சைதான் சமரசம்.

ஒரு எச்சரிக்கை: கையால் வண்ணம் தீட்டிய பழைய ஸ்டுடியோ படங்களும் உண்டு. ரோஸ் கன்னம், தங்க நிற நகை, மற்றதெல்லாம் கருப்பு வெள்ளை. அது ஓவியரின் வேலை. கறை என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள்.

ஏஐ செயலியில் போட்டால் நொடியில் வருகிறதே?

வருகிறது. புடவை என்ன நிறம் என்று அதற்குத் தெரியாது, ஊகிக்கும். மங்கலான முகத்துக்குப் புது இமையும் பல்லும் வரைந்து கொடுக்கும். பார்க்கக் கூர்மையாக இருக்கும், ஆள் வேறாகிவிடுவார். வெளிறிய கலர் படத்தில் உண்மையான நிறத்தின் மிச்சம் ஒவ்வொரு சேனலிலும் கிடக்கிறது. அதை நீட்டி எடுக்க முடிகிறவரை ஊகத்துக்குப் போகத் தேவையில்லை. கீறலையும் கிழிசலையும் நிரப்ப வேண்டுமானால் பயன்படுத்துங்கள், முகத்தில் மட்டும் வேண்டாம்.

கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் பார்த்தால் வேறு நிறம். எதை நம்புவது?

முதலில் இரண்டிலும் இரவுநேர மஞ்சள் வடிப்பானை அணையுங்கள். போனில் 'விவிட்' இருந்தால் 'நேச்சுரல்' ஆக்குங்கள். மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற அளவுகோல்) அமைப்பு இருந்தால் அது, இல்லையென்றால் 6500 கெல்வின். லேப்டாப்பில் திரை சாய்வை மாற்றினாலே நிழல்கள் மாறும். அதனால்தான் கண்ணைவிட எண் என்கிறோம். பத்து நிமிடம் சிவந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். எழுந்து போய்விட்டு வந்து பாருங்கள்.

எப்படிச் சேமிப்பது, லேபில் என்ன சொல்வது?

ஸ்கேன் செய்த டிஃப் கோப்பைத் தொடாதீர்கள். வேலை செய்த கோப்பு லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் (ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வகை). பகிர்வதற்கும் பிரிண்ட்டுக்கும் எஸ்ஆர்ஜிபி புரொஃபைலோடு ஜேபெக், தரம் 92க்கு மேல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

லேபில் கொடுக்கும்போது "கரெக்ஷன் போடாதீங்க, அப்படியே அடிங்க" என்று சொல்ல மறக்காதீர்கள். மெஷின் தானாகத் திருத்தினால், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த தோல் நிறம் முதலில் போகும். முதலில் ஒரே ஒரு 4×6 அடித்து, வெயிலடிக்கும் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். சரியாக இருந்தால் பெரிய அளவு சொல்லலாம். இருட்டாக வந்தால் குறை பெரும்பாலும் நிறத்தில் இருக்காது: மானிட்டரின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்து வேலை செய்திருப்பீர்கள்.